பல கணினிகள், ஒரே சேமிப்பு: மெயின்பிரேமில் பேக்கப் எப்படிப் பாதுகாக்கப்படுகிறது?

வங்கியில் நாம் போடும் பணம் முதலில் ஒரு கணக்காகத்தான் பதிவாகிறது. அந்தக் கணக்கு ஓர் அமானிதம். உலகின் பெரிய வங்கிகள் பலவற்றில் அதை இன்றும் சுமப்பவை மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகள். 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-ன் வழியில் வந்தவை இவை.

இங்கே ஒரே வட்டுகளைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. சிஸ்பிளெக்ஸ் என்ற கூட்டில் 32 அமைப்புகள் வரை சேரலாம். ஒன்று நின்றால் இன்னொன்று வேலையைத் தொடரும். ஆனால் பங்காளிகள் பலர் வாழும் வீட்டில் சாவி யாரிடம் என்ற கேள்வி எழத்தானே செய்யும்!

பூட்டு

ஒரு கோப்பை ஓர் அமைப்பு நகலெடுக்கும்போதே இன்னொன்று அதில் எழுதினால், நகலில் பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும். இதைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ‘ரிசர்வ்’ முழு வட்டையும் பூட்டும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஜிஆர்எஸ் என்ற முறை தேவையான கோப்பை மட்டும் பூட்டி, அதைக் கூட்டில் உள்ள அனைவருக்கும் அறிவிக்கும். ரிசர்வை விட்டு ஜிஆர்எஸ்ஸை மட்டும் நம்பும் இடத்தில், கூட்டுக்கு வெளியே உள்ள அமைப்பு அதே வட்டைத் தொட்டால் அந்தப் பூட்டு தடுக்காது.

நகல் வேறு, இடமாற்றம் வேறு

இந்தப் பணிகளைக் கவனிக்கும் மென்பொருள் எச்எஸ்எம். அது இரு வேலைகளைச் செய்கிறது. பேக்கப்பில் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு பிரதி உருவாகும். மைக்ரேஷனில், பல நாள் யாரும் தொடாத கோப்பு வேறு வட்டுக்கோ டேப்புக்கோ போய்விடும். யாராவது கேட்டால் தானாகத் திரும்பி வரும்.

இரண்டும் ஒன்றெனக் கருதுவதில்தான் ஆபத்து. டேப்புக்குப் போன கோப்புக்குத் தனியாக பேக்கப் எடுக்காவிட்டால், இருப்பது அந்த ஒரே பிரதிதான். டேப் கெட்டால் கோப்பும் போய்விடும்.

பதிவேடு

எந்தக் கோப்பு எங்கே போனது, எந்த நகல் எப்போது எடுத்தது, எந்த டேப்பில் என்ன உள்ளது என்பதை எச்எஸ்எம் மூன்று பதிவேடுகளில் குறிக்கிறது. எல்லா அமைப்புகளுக்கும் பொதுவானவை இவை. இவை தொலைந்தால், டேப்புகள் அறை நிறைய இருந்தும் எதில் என்ன என்று தெரியாது. ஆகவே,

- பதிவேடுகளுக்கும் தவறாமல் பேக்கப் எடுத்து, அதை வேறு வட்டிலோ டேப்பிலோ வைக்க வேண்டும்.
- மாற்றங்களைக் குறிக்கும் ‘ஜர்னல்’ பதிவேடுகள் உள்ள வட்டில் இருக்கக் கூடாது. பழைய நகலை மீட்டு, ஜர்னலைக் கொண்டுதான் அதைப் பழுது நேர்ந்த நேரம்வரை கொண்டுவர முடியும்.
- அந்த நகலை எடுக்கும் ‘முதன்மை’ப் பொறுப்பு கூட்டில் ஒரே ஓர் எச்எஸ்எம்முக்கே உரியது. அது விழுந்தால் யார் ஏற்பது என்பதை முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.
- அவ்வப்போது ஒரு கோப்பை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். செல்போன் நிறைந்ததும் படங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுகிறோம். அது பேக்கப் அல்ல, இடமாற்றம்தான். இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருந்தால்தான் அது பாதுகாப்பு.