எக்ஸிஃப்டூல்

படம், காணொளி, பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்குள் பதிந்திருக்கும் மெட்டாடேட்டாவைப் படிக்கவும் திருத்தவும் உதவும் இலவச மென்பொருள். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி இதை பெர்ல் மொழியில் எழுதி 2003இல் வெளியிட்டார். எக்ஸிஃப், ஐபிடிசி, எக்ஸ்எம்பி ஆகிய மூன்று வகைத் தகவல்களையும் கையாளும்.

ஒவ்வொரு படமாகத் திறந்து திருத்த வேண்டியதில்லை என்பதே இதன் பெரும்பலம். கேமராவின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்ததாக வைத்துக்கொள்வோம். ஆல்டேட்ஸ் என்ற குறிச்சொல்லோடு 5:30 கூட்டும்படி டெர்மினலில் ஒரு வரி எழுதி, ஃபோல்டரின் பெயரைத் தந்தால் போதும். எடுத்த நேரம், உருவாக்கிய நேரம், மாற்றிய நேரம் மூன்றும் அதிலுள்ள எல்லாப் படங்களிலும் சரியாகிவிடும். இதுபோன்ற வரிகளை ஷெல் ஸ்கிரிப்ட்டில் சேர்த்து, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரான் மூலம் தானாக ஓடவைக்கலாம்; ஆனால் நேரம் கூட்டும் வரியை அதே படங்கள்மீது மறுபடி ஓட்டினால் நேரம் மீண்டும் கூடிவிடும்.

திருத்துமுன் பழைய கோப்பை ‘ஒரிஜினல்’ என்ற பின்னொட்டுடன் தனியே வைத்துவிடுகிறது; பயனர்மீது அக்கறையுள்ள நல்ல ஏற்பாடு. ஆனால் இடத்தகவலை அழித்துவிட்டுப் படத்தைப் பகிர்வோர், அந்தப் பழைய பிரதியும் கூடவே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிடிஎஃப் விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் அவசியம்: அழித்த விவரம் கோப்புக்குள்ளேயே தங்கியிருக்கும், மீட்கவும் முடியும்.

டிஜாவு வகைக் கோப்புகளைப் படிக்கும் பகுதியில் 2021இல் கடுமையான பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டு, 12.24ஆம் பதிப்பில் சரிசெய்யப்பட்டது.