பொன்வினையும் சொல்வினையும்

அரபு மொழியில் 'ஸியாகா' என்றொரு சொல் உண்டு. பொன்னையும் வெள்ளியையும் உருக்கி அணியாக்கும் தொழிலுக்கு அது பெயர். சொற்களைச் செப்பமாக இணைத்து வாசகம் அமைப்பதற்கும் அதுவே பெயர். மதரஸாவில் ஓதிய நாளில் இதை எண்ணி நாம் வியந்ததுண்டு. எகிப்திய அணிகலைஞர் அஸ்ஸா ஃபஹ்மியின் தொடக்க காலத்தைப் பற்றி அறிந்தபோது அந்த வியப்பு மீண்டும் எழுந்தது.

மேல் எகிப்தின் ஸோஹாஜில் பிறந்த அவ்வம்மையார், கெய்ரோவில் அரசுப் பணியில் படம் வரைபவராக இருந்தார். 1969இல் அந்நகரின் புத்தகக் கண்காட்சியில், ஐரோப்பாவின் இடைக்கால நகைகள் பற்றிய ஜெர்மன் நூலொன்று அவர் கண்ணில் பட்டது. தம் எளிய சம்பளத்திலிருந்து அதை வாங்கினார். அந்நூலே அவரைக் கானுல் கலீலி கடைவீதிக்கு இட்டுச் சென்றது.

மம்லூக் அமீர் ஜஹர்கஸ் அல்கலீலி 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய வணிகர் சத்திரமே கானுல் கலீலி. அங்குள்ள வெள்ளிப் பட்டறைகள் ஆண்களின் உலகம். பட்டம் பெற்ற ஒரு பெண், எடுபிடிச் சிறுவர்கள் அமரும் இடத்தில் அமர்ந்து, அறுக்கவும், அரம் தேய்க்கவும், பொடி வைத்து ஊதவும் பழகினார். கல்விக்கு முன் பணிவு வேண்டும் என்று நம் உஸ்தாதுமார்கள் சொல்வார்கள், சொல்வது எளிது. பின்னர் லண்டனிலும் அவர் பயின்றார். ஆயினும் முதற்பாடம் அந்தப் பட்டறையில்தான்.

கற்ற கையோடு, எகிப்தின் பல பகுதிகளிலும் பெண்கள் அணிந்தவற்றைத் தேடி ஆராய்ந்தார். 2007இல் வெளிவந்த நூலொன்று அத்தேடலின் பயன். அந்நாட்டு அணிகளில் நம் உள்ளத்தைத் தொட்டது, மேற்குப் பாலைவனத்து ஸீவா சோலையின் வெள்ளித் தட்டு. முன்னாளில் கன்னிப்பெண் அதைக் கழுத்து வளையத்தில் கோத்து மார்பில் தொங்கவிடுவாள். திருமணத்திற்கு முந்திய நாள் ஊற்றில் நீராடி, அதைக் கழற்றித் தங்கைக்குக் கொடுப்பாள். ஒரே தட்டு அக்காள் தங்கை எத்தனை பேரின் கன்னிமையைக் கண்டிருக்கும்!

வெள்ளியை விட்டுப் பெண்கள் தங்கத்தை நாடியபோது, இத்தகைய பழைய அணிகள் பல உலைக்குப் போயின. உலைக்கு எடைதான் தெரியும், வேலைப்பாடு தெரியாது. ஃபிக்ஹு நூல்களிலும் இது பெரிய விவாதம். வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் சம எடை வேண்டும், வேலைப்பாட்டுக்கென்று கூடுதல் பெறலாகாது என்பது பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிமோ, ஆகுமான நகை கைத்திறனால் ஆடை போன்ற ஒரு பண்டமாகிவிடுகிறது என்று வாதிட்டார். எவர் கூற்று வலுவானது என்று தீர்ப்பளிக்க நாம் முற்படவில்லை. ஆனால் கைத்திறனுக்கும் ஒரு மதிப்புண்டு என அவர் எண்ணிப் பார்த்தது நமக்குப் பிடிக்கிறது.

அஸ்ஸா ஃபஹ்மியின் அணிகளில் பெரும்புகழ் பெற்றவை அரபு எழுத்து பொறித்தவை. வளையலிலும் பதக்கத்திலும் கவிதை வரிகள் ஓடும். வெள்ளி எழுத்தின் மேல் பொன் பூத்திருக்கும். ஸியாகாவின் இரு பொருளும் அங்கே ஒரே உலோகத்தில் கூடிவிடுகின்றன.

நம் பாட்டியார் காலில் கனத்த வெள்ளித் தண்டை கிடந்தது. அவர் மறைந்த மறு ஆண்டு அதைக் கடையில் கொடுத்துவிட்டோம். இன்று வீட்டிலிருப்பது கடைக்காரர் கொடுத்த சீட்டு ஒன்றுதான். அதில் எடை மட்டும் எழுதியிருக்கிறது.