ஜிஎஸ்டி மேல்முறையீடு: நடைமுறைக் குறைகள்

சரக்கு மற்றும் சேவை வரி ஆணையை, அதைப் பிறப்பிக்கும் முன் சட்டம் சொன்னபடி அதிகாரி நடக்கவில்லை என்று காட்டி வணிகர் எதிர்ப்பது இவ்வகை மேல்முறையீடு. கணக்கு சரியா தப்பா என்பது அடுத்த பேச்சு; 'என்னைக் கேட்டீர்களா' என்பதே முதல் கேள்வி.

மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஃபேக்டரிகள் நிறைந்த ஆத்தூர் போன்ற ஊர்களில் இது எப்படி முளைக்கிறது என்று சொல்லிவிடலாம். முதலாளி ஆலையில் இருப்பார். ரிட்டர்ன் தாக்கல் ஆடிட்டர் அலுவலகத்தில் நடக்கும். ஓடிபி வருவதும் பெரும்பாலும் அங்குள்ள செல்போனுக்குத்தான். நோட்டீஸ் இணையதளத்தில் ஏறிக் கிடக்கும். அதுவும் முன்பு வழக்கமான நோட்டீஸ் பக்கத்தில் இல்லாமல், 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்ற தனிப் பிரிவில் கிடந்தது. வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே ஆணை வந்த விஷயம் தெரிந்ததாகப் பலர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரியில்தான் அந்தப் பிரிவு கண்ணில் படும்படி மாற்றப்பட்டது.

நோட்டீஸ் சேர்ப்பிக்கும் வழிகளைச் சட்டத்தின் 169-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: நேரில், பதிவுத் தபாலில், மின்னஞ்சலில், இணையதளத்தில், நாளிதழில், கடைசியாகக் கதவில் ஒட்டி. இணையதளம் மட்டும் போதுமா? சென்னை உயர் நீதிமன்றத்திலேயே தனி நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். உடுமலைப்பேட்டை சர்வோதய சங்க வழக்கில் 2025-இல், முதல் மூன்று வழிகளில் ஒன்றை முயன்ற பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்றது நீதிமன்றம். போதும் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு.

இதைவிட வலுவானது 75(4) பிரிவு. பாதகமான முடிவு எடுக்கப்போகும் அதிகாரி, வணிகர் கேட்காவிட்டாலும் நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். ஆனால் சில்லறைப் பிழைகள் எடுபடாது. சாராம்சத்தில் சட்டப்படி அமைந்த ஆணை எழுத்துப்பிழையால் செல்லாமல் போகாது என்கிறது 160-ஆம் பிரிவு. நோட்டீஸுக்குப் பதில் கொடுத்துவிட்டு, அது முறையாகச் சேரவில்லை என்று பிறகு வாதிடவும் அதே பிரிவு இடம் தராது.

நடைமுறை வணிகரையும் கட்டும். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். தகராறில் உள்ள வரியில் 10 விழுக்காடு முன்பணம்: எட்டு லட்சம் என்றால் எண்பதாயிரம். மேல்முறையீட்டுக் கெடு தவறியவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அதைத் தாண்டிவிட முடியாது என்று, ஆந்திர வாட் வரி தொடர்பான கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியது. ஆனாலும் ஆணையையே அறியாதவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஓரளவு தாராளம் காட்டியது; வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, ஆணையை ரத்து செய்து அதிகாரியிடமே திருப்பி அனுப்பியது. ரத்தான ஆணையையே நோட்டீஸாக எடுத்துக்கொண்டு பதில் தரச் சொல்வது வழக்கம். பழைய கொள்முதல் பில்களைத் தேடி எடுக்கும் வேலை அப்போதுதான் தொடங்கும்.