நடுகல்லும் நான்காம் வகுப்பும்

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டு அவற்றைத் தொகுத்து நூலாக்கியபோது தமிழறிஞர்களின் பார்வை இப்பகுதியின் மீது படிந்தது. அக்கற்களுள் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பட்டது அது. எருமை மந்தையின் பொருட்டு மூண்ட பூசலில் உயிர் நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அதில் நிற்கிறான். அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டே கூறுகிறது.

மனிதர் ஏன் கலை படைக்கின்றனர் என்று ஒன்பது வயதுக் குழந்தை கேட்டால், இதனினும் எளிய விடை கிடைப்பது அரிது. ஒருவன் இறந்தான், அவனோடு ஒரு நாயும் நின்றது, ஊரார் அவ்விருவரையும் மறக்க விரும்பவில்லை. கல்லைத் தேர்வது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை இச்சடங்குக்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. உளி பிடித்தவன் ஒருவனே. ஆயினும் கல்லை நட்டது ஊர். இந்த விடை மாவட்டத்தின் வயல்வெளிகளில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது. அதற்குரிய வினாதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழையவில்லை. ஏன் நுழையவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டு எடுப்பித்த கணக்கு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டியது. அவற்றுள் பலவும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதுவதும் எண்சுவடியை மனனம் செய்வதும் அங்கு நடந்த கல்வி. கலை அங்குப் பாடமாக இல்லை. அது பள்ளிக்கு வெளியே வாழ்ந்தது. கோலத்தைத் தாயிடமிருந்து மகள் கற்றாள். கருங்கல்லின் குணத்தைத் தந்தையிடமிருந்து தச்சர் மகன் கற்றான். செய்யாற்றை அடுத்த புரிசையில் கூத்தின் அடவும் பாட்டும் தம்பிரான் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. இவ்வாறு கற்ற குழந்தைக்குக் கலை எதற்கு என்று தனியாக விளக்க வேண்டிய தேவை எழவில்லை. மார்கழி விடியலில் வாசல் வெறிச்சோடிக் கிடக்கக் கூடாது. பாரதம் முடியும் நாளில் துரியோதனன் விழ வேண்டும். காரணமும் கைத்திறனும் பிரியாமல் சேர்ந்தே வந்தன.

எனினும் அந்தப் பழைய முறையைப் பொற்காலம் என்று போற்றுதல் பொருந்தாது. எந்தக் குழந்தை எதைக் கற்கலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்த காலம் அது. மன்றோவின் கணக்கில் பெண்குழந்தைகள் மிகச் சிலரே. அண்ணாமலையார் கோயிலின் கிழக்குக் கோபுரம் 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்டது. அங்குள்ள கரணச் சிற்பங்களுக்கு நிகரானவை தஞ்சை, சிதம்பரம், கும்பகோணம், விருத்தாசலம் போன்ற மிகச் சில கோயில்களிலேயே உள்ளன. தாழ்த்தப்பட்ட குடிகளின் குழந்தைகளுக்குச் சட்டம் கோயில்களின் கதவைத் திறந்ததோ 1939லும் 1947லும்தான். கலை எதற்கு என்னும் வினா எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக வேண்டுமெனில் அதற்கு ஒரு பொதுப்பள்ளி தேவைப்பட்டது.

பொதுப்பள்ளி வந்தது. ஆனால் அது வேறொரு வினாவைக் கொண்டு வந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் அரசு கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் சித்திரக் கல்வி தொழில் வளர்ச்சியின் கருவியாகக் கருதப்பட்டது. பீங்கானுக்கும் துணிக்கும் நல்ல வடிவம் தரும் கைகளைப் பயிற்றுவதே அதன் நோக்கம். அந்த எண்ணமே கடல் கடந்து இங்கும் வேரூன்றியது. கோடு நேராக வர வேண்டும். மாதிரியைப் பிசகாமல் பார்த்து வரைய வேண்டும். தேர்வில் தேற வேண்டும். பள்ளிகளுக்குச் சித்திர ஆசிரியர் வந்தது இந்த வழியாகத்தான். எப்படி வரைவது என்று அவர் சொல்லித் தந்தார். எதற்காக வரைவது என்பது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணியாக இல்லை. பூச்சாடியும் மாம்பழமும் தலைமுறைகளின் பயிற்சிப் புத்தகங்களை நிரப்பியது அவருடைய குற்றமன்று.

இதற்கு மாற்றுத் தேடியோரும் இருந்தனர். வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் 1897இல் சிறுவர்க்கெனக் கலை வகுப்பு தொடங்கினார். குழந்தையின் ஓவியம் பெரியவர் ஓவியத்தின் குறைப்படி அன்று என்பது அவர் கண்டது. தாகூரின் சாந்திநிகேதனில் 1919இல் கலாபவனம் எழுந்தது. அங்குப் பயின்ற தேவி பிரசாத் 1944இல் காந்தியடிகளின் சேவாகிராமம் சென்று, ஆதாரக் கல்விப் பள்ளியில் குழந்தைகளுக்குக் கலை கற்பித்தார். 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருப்பெற்ற அக்கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது. அதனுள் கலையின் இடத்தைத் தேடிய தேவி பிரசாத், கலையே கல்வியின் அடிப்படை என்னும் முடிவுக்கு வந்தார். தம் நூலுக்கும் அதையே தலைப்பாக்கினார்.

இந்த முயற்சிகளின் எதிரொலி ஏட்டளவில் கேட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம், பத்தாம் வகுப்பு வரை கலைகளுக்குப் பாடத்துக்குரிய இடம் வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, கலைக்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநரை வேண்டியது ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு மட்டுமே. அங்கும் நூறு குழந்தைகளுக்கு மேல் இருந்தாக வேண்டும். தமிழகத்தில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றனர். ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் குழந்தைகளுக்கோ கலையாசிரியர் ஒருவர் வேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. பாடத்திட்டத்துக்கே கலைத்திட்டம் என்று பெயரிட்ட மொழியில் இவ்வாறு நிகழ்ந்தது.

2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா தொடங்கிப் பின்னர்த் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. மேடையே காணாத பிள்ளைகளை மேடையேற்றியது அதன் பெருமை. எனினும் அது போட்டி. யார் நன்றாக ஆடினர் என்னும் வினாவோடு போட்டி நிறைவு பெறும். மனிதர் ஏன் ஆடுகின்றனர் என்னும் வினாவுக்கு நடுவர் தேவையில்லை. ஒரு வகுப்பறையும் பொறுமையுள்ள ஆசிரியரும் போதும்.

அவ்வகுப்புக்குரிய பாடநூலை எவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவின் படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் பேருருவாகக் கிடத்துகின்றனர். அன்றே அவ்வுருவம் சிதைகிறது. காலையில் இட்ட கோலம் நண்பகலுக்குள் மிதிபட்டு அழிகிறது. கல்லில் நாயின் பெயரைப் பொறித்தவர்களும் இம்மண்ணினரே. அழியும் என்றறிந்தே அழகு செய்பவர்களும் இம்மண்ணினரே. சில நினைவில் நிற்பதற்காகவும், சில அந்த நாளைச் சிறப்பிப்பதற்காகவும் செய்யப்படுகின்றன என்பதை நான்காம் வகுப்புக் குழந்தை விளங்கிக்கொள்ளும். வாசலில் கோலம் அழிந்ததே, மறுநாள் அம்மா ஏன் மீண்டும் போடுகிறார் என்று கேட்டால் போதும்; பாடம் தொடங்கிவிடும்.

இது பள்ளியின் கவலை மட்டுமன்று. கவிஞர்களின் கவலையும் ஆகும். செய்யுளை மனனப் பகுதியாகவும் ஓவியத்தைப் பூச்சாடியாகவும் மட்டுமே அறிந்து வளரும் குழந்தை, நாளை ஒரு கவிதை நூலை எடுத்துப் பார்த்து, இது எத்தனை மதிப்பெண்ணுக்கு என்று கேட்குமே தவிர, இதை எழுதியவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்காது. இலக்கிய வட்டங்கள் பத்தாண்டு காண்பது பெருமைக்குரியது. இருபதாம் ஆண்டில் அவற்றின் அரங்குகளில் அமரப் போகிறவர்கள் இன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் இருக்கின்றனர். ஒரு கவிஞர் மாதத்தில் ஒரு பிற்பகலை அப்பள்ளிகளுக்கு அளிப்பாராயின், சட்டம் மறந்த ஆசிரியரின் இடம் முழுதும் நிரம்பிவிடாது. ஆயினும் அந்த வினா வகுப்பறைக்குள் நுழைந்துவிடும்.