மின்சாரமும் சம்மதமும்

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'அங்கொடை' என்ற பெயர், அவ்வூரைக் கண்ணால் காண்பதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வசைச் சொல்லாகப் பழகிப் போயிருக்கும். வகுப்பறையில் ஒரு மாணவன் மற்றொருவனைப் பார்த்து, "ஒன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்கிறான், சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். "கரண்ட் வச்சாத்தான் சரிவரும்" என்று இன்னொருவன் சேர்த்துக்கொள்கிறான். ஓர் ஊரின் பெயரும் ஒரு சிகிச்சையின் பெயரும் எவ்வாறு ஏளனத்துக்கும் அச்சத்துக்கும் உரியனவாயின? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சிரிக்கும் மாணவர்களைக் கண்டிப்பதற்கு முன் அதை நாம் அறிந்துகொள்வது நன்று.

மின்சாரத்தால் நோய் தீர்க்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனை நோயுற்ற இடத்தில் வைக்கும்படி எழுதினார். மெதடிஸ்த சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளுக்கு மின்பொறி கொண்டு இலவசச் சிகிச்சை நடத்தி, 1760இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். (அவர் வழிவந்த மிஷனரிமார் பின்னாளில் ஊவாவுக்கும் வந்து பள்ளிகள் கட்டினார்கள், மின்பொறி அவர்களுடன் வந்ததாகத் தெரியவில்லை.) 1801இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் ஜொவான்னி அல்தீனி, மனச்சோர்வுற்ற ஒரு விவசாயியின் தலையில் மின்கலத்தின் ஓட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். அந்த விவசாயியின் கருத்தை எவரும் எழுதி வைக்கவில்லை.

நம் காலத்துக் கதை தொடங்குவது 1938 ஏப்ரலில், ரோம் நகரில். வலிப்பை உண்டாக்கினால் சில மனோவியாதிகள் தணிகின்றன என்று 1934இல் புடாபெஸ்ட் வைத்தியர் மெடூனா கண்டிருந்தார். அவர் கையாண்டது மருந்து. அது நோயாளிக்குப் பெருந்திகிலைத் தந்தது. எளிய வழி தேடிய ஊகோ செர்லெத்தி, ரோம் நகரக் கசாப்புக் கூடத்தில் பன்றிகளின் தலையில் மின்சார இடுக்கியை வைத்து மயக்கிய பின்னர் கழுத்தறுப்பதைக் கண்டார். அவை துடித்தன, ஆயினும் அந்த மின்சாரத்தால் சாகவில்லை. இதைக் கண்டு அவரும் அவருடைய துணைவர் லூச்சியோ பீனியும் துணிவு பெற்றனர்.

முதல் நோயாளி யார்? ரயில் நிலையத்தில் சீட்டின்றி, புரியாத சொற்களைப் பிதற்றியபடி அலைந்த ஒரு மனிதர். உறவினர் எவரும் உடனில்லை. பொலிசார் பிடித்து அனுப்பி வைத்தனர். முதன்முறை செலுத்திய மின்னோட்டம் போதவில்லை. மீண்டும் செலுத்துவதா என்று வைத்தியர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அதுகாறும் பிதற்றிக்கொண்டிருந்த அம்மனிதர் தெளிவான மொழியில், மறுபடியும் வேண்டாம், அது கொன்றுவிடும் என்று சொன்னாராம். இதைப் பதிவு செய்தவர் செர்லெத்தியே. மறுப்புச் சொல் கேட்கப்பட்டது, விளங்கிக்கொள்ளவும் பட்டது. பின்னர் மின்னோட்டம் கூட்டப்பட்டது.

அம்மனிதர் தேறினார் என்பதையும் நாம் மறைக்கலாகாது. இச்சிகிச்சை பயன் தருகிறது. உணவையும் பேச்சையும் துறந்து சாவை நோக்கிச் செல்லும் கொடிய மனச்சோர்வுக்கு, மருந்துகள் தோற்ற இடத்தில், இன்றும் இதற்கு நிகரானது அரிது. நோயைத் தணிப்பது மின்சாரம் அன்று, அது எழுப்பும் வலிப்பே. அவ்வலிப்பு நீடிப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக, ஆறு முதல் பன்னிரண்டு தடவை வரை தருவது வழக்கம். நினைவாற்றல் பாதிக்கப்படுவதும் உண்டு. ஆனால் மயக்க மருந்தின்றி, விழித்திருக்கும் மனிதனைப் பிறர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள இதைச் செய்த காலம் இருந்தது. முதுகெலும்பு முறிந்தவர்கள் இருந்தார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்து 1940இலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. எனினும் ஏழை நாடுகளின் நெரிசல் மிக்க விடுதிகளை அது அடையப் பல்லாண்டுகள் பிடித்தன. இந்தியா அம்மருந்துகளின்றி இச்சிகிச்சை செய்வதைச் சட்டத்தால் தடுத்தது 2017இல்தான்.

இனி நம் மலைக்கு வருவோம். தேயிலைப் பெட்டிகளைக் கீழிறக்கப் போடப்பட்ட ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அதற்குச் சில ஆண்டுகளில் கொழும்பை அடுத்த அங்கொடையில் மனநோய் வைத்தியசாலை எழுந்தது. பெட்டிகள் சென்ற பாதையிலேயே, ஏறத்தாழ 290 கிலோமீற்றர் தூரத்துக்கு, நோயுற்ற மனிதரும் சென்றனர். 1937இல் இலங்கைக்கு வந்த லண்டன் வைத்தியர் எட்வர்ட் மபோதர், அங்கொடையின் நெரிசலைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தார். நாட்டுக்குப் பெரும் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த மாகாணத்தின் தொழிலாளிக்கோ, லயத்தருகே இருந்தது தோட்டத்து டிஸ்பென்சரி. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அங்கே மருந்து உண்டு. மனநோய்க்கு அது காட்டிய வழி பெரும்பாலும் ஒன்றே: ரயில்.

அந்த ரயிலில் ஏறியவரின் நிலை ரோம் நகர மனிதரின் நிலைக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. பித்தரை அடைத்து வைப்பதற்கான 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமோ, செர்லெத்தியின் கருவிக்கு 65 ஆண்டுகள் முந்தியது. அக்கருவியை அது கனவிலும் கண்டதில்லை. 1956இல் அது திருத்தப்பட்டது. அதே 1956இல் சிங்களம் ஒன்றே அரசகரும மொழியும் ஆயிற்று. எலும்பு முறிவைக் கண்டறிய நோயாளியின் மொழி தேவையில்லை, எக்ஸ்-கதிர் போதும். மனச்சோர்வுக்கு எக்ஸ்-கதிர் இல்லை. நோயாளியின் வாய்மொழியே சோதனை. "நெஞ்சு அடைக்குது, மேலு காலெல்லாம் எரியுது, தலைக்குள்ள கொடையுது" என்று கொழுந்து பறிக்கும் பெண் சொல்வதில் அவளுடைய துயரம் முழுவதும் இருக்கிறது. அம்மொழி அறியாதவர் அவளுக்கு வைத்தியம் சொல்லலாம்; அவளிடம் சம்மதம் கேட்க இயலாது. மின்சாரத்தின் மீதுள்ள அச்சம் அறியாமையால் பிறந்தது என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. எதற்கென்று சொல்லாமல் செய்யப்படும் எதுவும் தண்டனையாகவே தோன்றும்.

ஆதலால்தான் கோடாங்கி வாழ்ந்தான். அவன் உடுக்கடித்துக் கேட்பது தமிழில். உறவினர் சூழ இருக்கையில் கேட்கிறான். தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரச் சக்கரத்திலேயே ரோதைமுனி என்ற தெய்வத்தைக் கண்டவர்கள் நம் மக்கள்; இயந்திரத்தை வெறுத்தவர்கள் அல்லர். எனினும் கோடாங்கியை நாம் போற்றவும் மாட்டோம். நம்பிக்கையிடம் நோயாளியை ஒப்படைப்பதன் எல்லையை, நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த அதே இராமநாதபுர மண்ணில், ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6இல் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் மாண்டனர்.

1952க்குப் பின் குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் வந்தன. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்டது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்டதும் அது வேகமாக இறங்கியது. அங்கொடையை மட்டும் நம்பியிராமல் மாவட்டந்தோறும் மனநலச் சேவை வேண்டும் என்பதை அரசு கொள்கையாக ஏற்றது 2005இல்.

மின்சாரமும் மாறிவிட்டது. 1985இல் ஷெபீல்ட் நகரில் அந்தோனி பார்க்கர், தலைக்கு மேல் பிடித்த காந்தச் சுருளால், மண்டையைத் திறக்காமலே மூளை நரம்புகளைத் தூண்டிக் காட்டினார். 1987இல் கிரெனோபிள் நகரில் அலிம் பெனாபித், மூளையின் ஆழத்தில் நுண்ணிய கம்பியை இருத்தி இடைவிடாத மின்துடிப்பால் நடுக்கத்தை அடக்கினார். பார்க்கின்சன் நோயாளிகள் பலர் அதனால் மீண்டும் கரண்டி பிடிக்கிறார்கள். காந்தச் சிகிச்சையில் வலிப்பை எழுப்புவதில்லை. மயக்க மருந்தும் வேண்டா. நோயாளி நாற்காலியில் விழித்தபடி அமர்ந்திருக்கலாம், வேண்டாமென்றால் எழுந்துவிடலாம். மனச்சோர்வுக்கு அதை வழக்கமாக வாரம் ஐந்து நாளாக, நான்கு முதல் ஆறு வாரம் வரை தருகிறார்கள்.

ஆறு வாரமென்றால் முப்பது நாள். தோட்டத்தில் நாளைப் 'பேர்' என்று எண்ணுவார்கள். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. நமுனுகுலையின் சரிவில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு நாளை பதுளையிலேயே அந்த நாற்காலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் தமிழிலேயே தரப்படுகிறது, அவளும் மனமாரச் சம்மதிக்கிறாள். அவளுக்கு முப்பது பேர் போகும். பஸ் கட்டணம் வேறு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த முப்பது பேரை யார் போடுவது என்று நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல் எதிலும் நாம் இன்னும் கண்டதில்லை.