பொருள் தொலைத்தல்: ஆட்டிசம் உள்ளவர்களிடம்

இக்கட்டுரையில் பொருள் தொலைத்தல் என்பது திருட்டுக் கொடுப்பதையோ முதுமை மறதியையோ குறிக்காது. சாவி, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, பஸ் பாஸ், ஒற்றைச் செருப்பு என அன்றாடம் கையில் புழங்கும் ஒன்றை எங்கோ வைத்துவிட்டு, வைத்த இடமும் வைத்த நேரமும் மனத்தில் பதியாமல் போவதையே குறிக்கும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. நினைவாற்றல் குறைவோ பொறுப்பின்மையோ இதற்குக் காரணம் என்று கொள்வது தவறு. பொருளை வைக்கும் நொடியில் கவனம் முழுவதும் வேறொன்றில் இருக்கிறது. பிறகு தேடும்போது நினைவைத் தூண்ட எதிரில் ஒரு குறிப்பும் இருப்பதில்லை. கிடைத்துள்ள சான்றுகள் இந்த இரண்டையே காட்டுகின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தை முன்வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-இல் தொடங்கப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் இயங்குகிறது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த முட்டுக்காடு, 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது.

முதலில் பெயர்கள். ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1910-ஐ ஒட்டி, தான் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆட்டிசம் என்ற சொல்லை ஆக்கினார். அவர் அதை மனச்சிதைவின் ஒரு கூறுக்கு வைத்தார். குழந்தைகளின் தனி நிலைக்கு அது பெயரானது பின்னால். தமிழில் மதியிறுக்கம் என்ற சொல் பரவலாக வழங்குகிறது. தமிழக அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்ற தொடரும் இடம்பெற்றுள்ளது. பிந்தைய தொடர் இக்கட்டுரையின் பொருளுக்கு நேரடியாகக் கேடு செய்கிறது. புற உலகச் சிந்தனையே இல்லாதவர் என்று பெயர் சூட்டப்பட்ட ஒருவர் குடையைத் தொலைத்தால், பெயரே காரணம் சொல்லிவிடுகிறது; மேற்கொண்டு எவரும் விசாரிப்பதில்லை. உண்மையில் குடை கைநழுவிய அந்த நேரத்தில் அவர் புற உலகின் ஒரு பகுதியை, கடந்துபோன பேருந்தின் தட எண்ணையோ மதிற்சுவரில் கல் அடுக்கியிருந்த வரிசையையோ, மற்ற எவரையும்விடக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். இன்னொரு பழைய சுமையும் நம் மரபில் உண்டு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மறதியை அது அளவிறந்த சினத்தைவிடத் தீயதாக வைக்கிறது. மகிழ்ச்சியின் மயக்கத்தில் கடமையை மறக்கும் அரசனுக்கான எச்சரிக்கை அது. அங்கே மறதி ஓர் ஒழுக்கக் குறை. வீடுகளில் இன்றும் பொருளைத் தொலைத்த பிள்ளையிடம் புத்தி எங்கே போயிற்று என்று கேட்பதில் அந்த ஒழுக்கத் தீர்ப்பின் தொனி இருக்கிறது. அரசனுக்குச் சொன்னதை இந்தப் பிள்ளைக்குப் பொருத்துவது குறளுக்கும் நியாயமாகாது.

ஆட்டிசத்தின் தொடக்ககால வரலாறு பெரிதும் நினைவாற்றலின் வரலாறாகவே எழுதப்பட்டது. சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா 1925-இலேயே இத்தகைய சிறுவர்களை விவரித்திருந்தார். உலகம் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943-இல் 8 சிறுவர்கள், 3 சிறுமியர் என 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் அடித்தளம் ஆயிற்று. பாடல்களையும் பெயர்ப் பட்டியல்களையும் மழலை வயதிலேயே ஒப்பித்த அக்குழந்தைகளின் நினைவாற்றல் கானரை வியக்க வைத்தது. அவர் தந்த ஒரு செய்தி இங்கே மிக முக்கியம்: ஒழுங்கில்லாமல் பரப்பிய கட்டைகளை, பல நாள் கழித்தும் ஒரு குழந்தை அதே ஒழுங்கின்மையோடு அப்படியே திரும்ப வைத்தது. அறையில் ஒரு சிறு பொருள் இடம் மாறினாலும் அக்குழந்தைகள் கலங்கினர். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தனித் துறைகளில் பெரியவர்களைப்போல் பேசும் சிறுவர்கள் உடை உடுத்துவது போன்ற எளிய வேலைகளைக் கற்கத் திணறுவதைப் பதிவு செய்தார். நாஜி ஆட்சியின்போது அவர் நடந்துகொண்ட விதம் குறித்து 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் அவர் பெயரைக் கறைப்படுத்தியுள்ளன. ஆயினும் அந்தப் பதிவு துல்லியமானது. வியத்தகு நினைவும் அன்றாடத் திணறலும் ஒரே ஆளிடம் இருப்பது முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தாளில் ஏறிவிட்டது. பின்வந்தோர் முதலாவதைக் கொண்டாடினர். இரண்டாவது ஓரத்துக்குப் போயிற்று.

கட்டைகளை நினைவில் வைத்த குழந்தை செருப்பை ஏன் தொலைக்கிறது என்ற கேள்விக்கு விடை கானரின் பதிவிலேயே மறைந்திருக்கிறது. அந்தக் கட்டைகள் குழந்தை விரும்பிக் கவனித்தவை. செருப்பை அது கவனித்ததே இல்லை. கழற்றிய கால் ஏற்கெனவே வேறொன்றை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

வகைப்பாட்டில் நேர்ந்தது இதைவிடப் பெரிய தவறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் நான்காம் பதிப்பில், தேவையான பொருள்களைத் தொலைப்பதும் அன்றாட வேலைகளை மறப்பதும் ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு நிலையின் அறிகுறிகளாகப் பட்டியலிடப்பட்டன. ஆட்டிசப் பட்டியலில் அவை இல்லை. அதோடு, ஆட்டிசம் உள்ளவருக்குக் கவனக்குறைவு நிலையையும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று அதே பதிப்பு விதித்தது. 2013-இல் ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கும்வரை 19 ஆண்டுகள், ஆட்டிசம் உள்ள ஒருவர் சாவி தொலைப்பதைப் பதிய எந்தக் கட்டமும் இல்லை. இந்தியாவில் நிலைமை வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 21 வகைகளுள் அதைச் சேர்த்தது. ஏ.டி.ஹெச்.டி. அந்த 21-இல் இல்லை. சான்றிதழுக்குப் பயன்பட்டுவரும் ஐசா எனும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் 2009-இல் வந்தது. 6 பிரிவுகளில் 40 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70-க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. அறிதிறன் பிரிவில் உள்ள 4 வினாக்கள், சீரற்ற கவனம், தாமதமாகப் பதிலளித்தல், வழக்கத்துக்கு மாறான நினைவாற்றல், அரிய தனித்திறன் ஆகியவற்றைக் கேட்கின்றன. நினைவின் அதிசயத்துக்கு இரண்டு வினா. தொலைத்தலுக்கு ஒன்றும் இல்லை. சீரற்ற கவனம் என்ற வினாவில் இதுவும் அடங்கும் எனலாம். ஆனால் மதிப்பிடும் அறையில் பிள்ளையின் பை அம்மாவின் தோளில்தான் தொங்குகிறது. தொலைக்க அங்கே எதுவும் இல்லை.

ஆய்வுக்கூடச் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஜில் பௌச்சரும் எலிசபெத் வாரிங்டனும் 1976-இல் நடத்திய சோதனைகளில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பட்டியலைத் தாமாக நினைவுகூர்வதில் பின்தங்கினர். ஒரு குறிப்புக் கொடுத்ததும் மற்றவர்களுக்கு ஈடாகச் சொன்னார்கள். அதாவது பதிந்த ஒன்று உள்ளேதான் இருந்தது, அதை வெளியே எடுக்கத்தான் கைப்பிடி இல்லை. லண்டனில் டெர்மட் பௌலர் இதை விரிவாக்கி, கேட்கும் சூழலே துணை தரும்போது இவர்களின் நினைவு நிமிர்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைப்பது பற்றி 2013-இல் டேவிட் வில்லியம்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு, ஒரு நிகழ்வு நினைவூட்டும் வேலையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் குறைவின்றியும், கடிகார நேரத்தை மட்டுமே நம்பிய வேலையில் குறைந்தும் செயல்பட்டதைக் காட்டியது. தேடுதலைப் பற்றிய சான்று இன்னும் சுவையானது. திரையில் பல உருவங்களுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களை முந்துவதை 1990-களின் கடைசியில் கேட் பிளேஸ்டட், மிஷெல் ஓரியார்டன் ஆகியோர் காட்டினர். ஆனால் எலிசபெத் பெல்லிகானோவும் உடன் பணியாற்றியோரும் 2011-இல் ஓர் அறையின் தரையில் விளக்குகளைப் பதித்து, குழந்தைகளை நடந்து தேடவைத்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தேடலில் ஒழுங்கு குறைந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணால் தேடுவது ஒரு திறன். எழுந்து நடந்து, பார்த்த மூலையையும் பார்க்காத மூலையையும் மனத்தில் பிரித்துக்கொண்டு தேடுவது வேறு திறன். வீட்டில் தொலைந்த சாவிக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

கவனம் ஏன் இப்படி ஒருமுகமாகப் போகிறது என்பதற்கு டைனா மர்ரி, மைக் லெஸ்ஸர், வென் லாசன் ஆகியோர் 2005-இல் அளித்த விளக்கமே மிகவும் பொருந்துகிறது. மர்ரியும் லாசனும் ஆட்டிசத்தை உள்ளிருந்தே அறிந்தவர்கள். பெரும்பாலோரின் கவனம் பல வாய்க்கால்களில் மெல்ல ஓடும். ஆட்டிசத்தில் அது ஒரே வாய்க்காலில் முழு வேகத்தில் ஓடும் என்று அவர்கள் கருத்தைத் தமிழில் சொல்லலாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் அன்றாட வாழ்வில் இதைப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. கேளம்பாக்கத்தில் பேருந்து மாறும் ஒருவர் இரைச்சலையும் வெயிலையும் நெரிசலையும் தாங்குவதில் முழுக் கவனத்தையும் செலவிடுகிறார். மடியில் இருந்த தண்ணீர் பாட்டில் இருக்கையில் தங்கிவிடுகிறது. போகிக்கு முன் வெள்ளையடிக்க வீட்டுச் சாமான்கள் எல்லாம் இடம் மாறுகின்றன. அதுவரை இடத்தை வைத்தே பொருளை அறிந்திருந்தவருக்கு ஒரே நாளில் அத்தனை குறிப்புகளும் அழிந்துபோகின்றன. பீரோவுக்குள் மூடி வைத்தது, கண்ணில் படாததால், இல்லாததற்குச் சமமாகிறது. தேடிக் கிடைக்காதபோது வரும் கொந்தளிப்பைப் பிடிவாதம் என்று படிப்பவர்கள், அவருக்கு அன்று உலகமே இடம் மாறிவிட்டதை உணர்வதில்லை.

யார்தான் தொலைக்கவில்லை என்பது முதல் மறுப்பு. எல்லோரும் தொலைக்கிறார்கள். ஆனால் மற்றவர் வந்த வழியை மனத்தில் ஓட்டிப் பார்த்து மீட்கிறார்; மேலே சொன்ன சோதனைகளில் குறைவாகக் காணப்பட்டது அந்தத் தானாக மீட்டலே. இது கவனக்குறைவு நிலை உடன் இருப்பதால் வருவது, ஆட்டிசத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்பது இரண்டாவது. ஆட்டிசம் உள்ளவர்களுள் கணிசமானோருக்கு அந்நிலையும் இருப்பது உண்மை, அங்கே மருந்தும் உதவலாம். ஆயினும் குறிப்புக் கொடுத்தால் ஈடாகிவிடும் நினைவு 1976-இலேயே ஆட்டிசக் குழந்தைகளிடம் காணப்பட்டது. பெயரை மாற்றி எழுதுவதால் அந்தக் குழந்தைக்குத் தேவையான குறிப்பு மாறிவிடாது. பெட்டியும் படமும் ஆணியும் வைத்துக் கொடுத்தால் அதையே நம்பிப் பழகிவிடுவார், கண்டிப்பாக வளர்த்தால் தானே கற்றுக்கொள்வார் என்பது மூன்றாவது மறுப்பு. வீடுகளில் மிகவும் வேரூன்றியதும் இதுவே. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குள் போனால், வேலை செய்யும் கல்லின் பக்கத்திலேயே உளிகள் கண்ணெதிரே கிடப்பதைக் காணலாம். கை நீட்டினால் உரிய உளி வரும். ஸ்தபதி உளிகளைப் பெட்டியில் பூட்டி வைத்து நினைவிலிருந்து எடுக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. கைதேர்ந்தவருக்கு இயல்பாக வழங்கும் அதே வசதியை ஆட்டிசம் உள்ளவருக்கு மறுத்துவிட்டு, அதைப் பயிற்சி என்று அழைப்பது கொடுமை. கண்டிப்பு கற்றுத்தருவதெல்லாம் தொலைத்ததை மறைக்க மட்டுமே.

சூழலை மாற்றும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. எரிக் ஷாப்ளர் வட கரோலினாவில் உருவாக்கிய, 1972-இல் மாநில அளவிலான திட்டமான டீச் முறை, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படம் என்று வகுப்பறையை அமைத்தது. தமிழ்நாட்டின் சிறப்புக் கல்வி வகுப்புகளில் காணும் பட அட்டவணைகளும் நிறம் பிரித்த தட்டுகளும் அந்த வழியில் வந்தவை. வீட்டில் இதற்குச் செலவு அதிகமில்லை: கதவு மூடாத அலமாரி, வாசலருகே சாவிக்கு ஓர் ஆணி, ஒரே மாதிரி இரண்டு மூக்குக்கண்ணாடி, வெள்ளையடிக்கும் முன் அலமாரியைப் படம் பிடித்து அதன்படியே திரும்ப அடுக்குதல். பெரியவர்களிடம் இப்போது கைப்பேசி நினைவூட்டலும் சாவிக்கொத்தில் மாட்டும் ஒலிச்சில்லும் புழக்கத்துக்கு வந்துள்ளன. நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகக் காட்ட வேண்டிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தொலையக்கூடியதே. தனித்துவ அடையாள அட்டைத் திட்டத்தின் இணையதளத்திலிருந்து அதன் மின்படியை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.