ஒலிநாடா வைத்திருந்த வாழைப்பழ வணிகர்

கிந்தா மண்ணின் கதை – தொடர்

சென்ற வாரம் 1985-இல் ஈய விலை சரிந்ததையும் கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதையும் பார்த்தோம். இந்த வாரம் 2002-க்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். பேராக் முதன்முறையாகக் காற்பந்து லீக் பட்டத்தை வென்ற ஆண்டு அது. மலேசியக் கிண்ணம் நமக்குப் புதிதல்ல. மலாயாக் கிண்ணமாக இருந்த காலத்திலிருந்து கணக்கிட்டால் 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000 என்று ஏழு முறை அது ஈப்போவுக்கு வந்திருந்தது. லீக் பட்டம்தான் கைக்கு எட்டாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 1994-ஐத் தாண்டாமல் 2002-க்குப் போக வழியில்லை. 1994-இல் என்ன நடந்தது என்று குனோங் ராபாட் காப்பிக்கடைகளில் உட்காரும் எவருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டத்தை விற்றவர்கள்மீது அங்கே இன்னமும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். நான் சொல்ல வருவது வேறு. நம் காற்பந்தைக் கெடுத்ததில் லஞ்சத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த லஞ்சத்தை விசாரித்த விதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதே நோய் 23 ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மனியைப் பிடித்தது. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். எப்படி என்று பார்த்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்புவோம்.

மேற்கு ஜெர்மனியின் தேசிய லீக்கான புண்டஸ்லீகா 1963-இல் 16 அணிகளோடு தொடங்கியது. தொடங்கும்போதே அதில் ஒரு பொய் இருந்தது. ஆட்டக்காரர் காற்பந்தாடிப் பிழைக்கலாம், ஆனால் பணக்காரர் ஆகிவிடக் கூடாது என்று காற்பந்துச் சங்கத்துப் பெரியவர்கள் நினைத்தார்கள். வெகுமதி எல்லாம் சேர்த்து மாதம் 1,200 மார்க் என்று உச்சவரம்பு வைத்தார்கள். தேசிய அணி ஆட்டக்காரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நல்ல ஆட்டக்காரரை அந்தக் காசுக்குப் பிடித்துவைக்க முடியாது என்பது எல்லா அணித் தலைவர்களுக்கும் தெரியும். ஆகவே மேசைக்கு மேலே ஒரு சம்பளம், மேசைக்குக் கீழே ஒரு சம்பளம் என்றானது. 1965-இல் ஹெர்த்தா பெர்லின் அணி இப்படிக் கணக்கில் ஏறாத பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு லீக்கை விட்டே வெளியேற்றப்பட்டது. மேற்கு பெர்லினுக்கு ஓர் அணி வேண்டுமே என்று டாஸ்மானியா பெர்லினை அவசர அவசரமாக மேலே இழுத்துவந்தார்கள். அந்த அணி 34 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்று, 108 கோல் வாங்கியது. அதைவிட மோசமான பருவம் அந்த லீக்கில் இன்றுவரை யாருக்கும் வாய்த்ததில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஹெர்த்தாவை. கள்ளக்கணக்கு எழுதப் பழகிய கைக்கு லஞ்சக்கணக்கு எழுத அதிக நாள் ஆகாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கீழே இறங்கும் இரண்டு அணிகளுக்கு அடுத்த படி என்று ஒன்று கிடையாது. நேராக ஐந்து வட்டார லீக்குகளில் ஒன்றில் போய் விழ வேண்டும். கூட்டம் போய்விடும், வருமானம் போய்விடும். 1970–71 பருவத்தின் கடைசி வாரங்களில் பீலெஃபெல்ட், ஒஃபன்பாக், எஸ்ஸன் போன்ற அணிகளுக்கு இது உயிர்ப்போராட்டம். மேலே நடந்த பந்தயத்துக்கும் குறைவில்லை. ஏப்ரல் 3-ஆம் தேதி மொன்ஷன்கிளாட்பாக் மைதானத்தில் மரத்தாலான கோல்கம்பமே முறிந்து விழுந்தது. மாற்றுக் கம்பம் இல்லாததால் நின்றுபோன அந்த ஆட்டத்தை எதிரணி வென்றதாக அறிவித்தார்கள். இருந்தும் கடைசி நாளில் பாயர்ன் மியூனிக் தோற்க, கிளாட்பாக்தான் பட்டத்தை வென்றது. தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகப் பட்டத்தைத் தக்கவைத்த முதல் அணி அதுதான். இந்த அருமையான பருவத்தை இன்று யாரும் அதற்காக நினைப்பதில்லை. 1971 ஜூன் 6-ஆம் தேதி ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்த பிறந்தநாள் விருந்துக்காகத்தான் நினைக்கிறார்கள்.

விருந்து கொடுத்தவர் ஹோர்ஸ்ட்-கிரிகோரியோ கனெல்லாஸ். ஸ்பானியத் தந்தைக்குப் பிறந்தவர், வாழைப்பழம் முதலான வெப்பமண்டலப் பழங்களை இறக்குமதி செய்தவர், ஒஃபன்பாக் அணியின் தலைவர். அன்றைக்கு அவருக்கு 50 வயது. முதல் நாள்தான் அவருடைய அணி கோலோனில் 4–2 என்று தோற்று லீக்கிலிருந்து இறங்கியிருந்தது. விருந்தினர்களில் தேசிய அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோனும் இருந்தார், பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள். கனெல்லாஸ் ஓர் ஒலிநாடாக் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து முடுக்கினார். தொலைபேசிப் பேச்சுகள். ஜெர்மானிய வீடுகள் ஒவ்வொன்றும் அடையாளம் காணக்கூடிய குரல்கள். கோலோன் கோல்காவலர் மன்ஃபிரெட் மங்லிட்ஸ் கடைசி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் மார்க் கேட்கிறார். பீலெஃபெல்ட்டைத் தோற்கடிப்பதற்கு ஹெர்த்தா ஆட்டக்காரர்கள் இருவர் 1,40,000 மார்க் கேட்கிறார்கள். தோற்பதற்கு அல்ல, ஒழுங்காக ஆடி வெல்வதற்கு! அந்தப் பணம் கைமாறவில்லை. ஹெர்த்தா தன் சொந்த மைதானத்தில் பீலெஃபெல்ட்டிடம் 0–1 என்று தோற்றது. மறுபக்கத்திலிருந்து 2,50,000 மார்க் வந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஷோன் விருந்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

கனெல்லாஸை வீரர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவரும் பணம் கொடுத்தவர்தான். ஆதாரம் திரட்டவே கொடுத்தேன் என்று பிறகு சொல்லிக்கொண்டார். அவருடைய அணி கீழே இறங்காமல் தப்பியிருந்தால் அந்த ஒலிநாடா வெளியே வந்திருக்குமா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த மனிதரை விட்டு நகரவும் முடியவில்லை. சங்கம் அவருக்கு ஆயுட்காலத் தடை போட்டு, 1976-இல் மன்னித்து நீக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மயோர்காத் தீவிலிருந்து பிராங்ஃபர்ட்டுக்குப் புறப்பட்ட லுஃப்தான்சாவின் ‘லாண்ட்ஷூட்’ விமானம் கடத்தப்பட்டதே, உள்ளே மகளோடு கனெல்லாஸ் உட்கார்ந்திருந்தார். ஐந்து நாள். ரோம், சைப்ரஸ், துபாய், ஏடன் என்று விமானம் அலைந்தது. விமானியைக் கொன்றுவிட்டார்கள். மொகாடிஷுவில் ஜெர்மன் அதிரடிப்படை புகுந்து மீட்ட பயணிகளில் இவரும் ஒருவர். நாவலில் இப்படி எழுதினால், நம்பும்படி எழுதக்கூடாதா என்று கேட்போம்.

விருந்துக்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். சங்கத்தின் சார்பில் ஹான்ஸ் கிண்டர்மன் என்ற சட்ட வல்லுநர் ஒவ்வோர் ஆட்டமாக எடுத்துத் தோண்டினார். 52 ஆட்டக்காரர்கள், இரண்டு பயிற்சியாளர்கள், ஆறு அணி நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டார்கள். பீலெஃபெல்ட் அடுத்த பருவம் முழுக்க ஆடியும் அதன் புள்ளி பூஜ்யம் என்று கணக்கிட்டுக் கீழே அனுப்பினார்கள். 1971 ஏப்ரல் 17-ஆம் தேதி பீலெஃபெல்ட்டிடம் வேண்டுமென்றே தோற்ற ஷால்கே ஆட்டக்காரர்கள் வாங்கியது மொத்தம் 40,000 மார்க். தலைக்கு ஏறத்தாழ 2,300. அதாவது 1963-இல் வைத்த உச்சவரம்புப்படி இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை! அவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மறுத்தார்கள். பொய்ச் சத்தியம் என்று நிரூபணமாகிப் பின்னர் தண்டனை பெற்றார்கள். எல்லாம் திறந்த மன்றத்தில், பெயரோடு, தொகையோடு. மக்கள் வெறுத்துப் போனார்கள். கொரோனாவால் கதவடைத்து ஆடிய பருவங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 1972–73-இல் வந்த கூட்டம்தான் அந்த லீக் வரலாற்றிலேயே ஆகக் குறைவு. ஆனால் அதே 1972-இல் சம்பள உச்சவரம்பை எடுத்தார்கள். 1974-இல் இரண்டாம் புண்டஸ்லீகாவைத் தொடங்கி, விழுகிறவர்களுக்கு நடுவில் ஒரு படி வைத்தார்கள். அந்த ஆண்டே உலகக் கிண்ணத்தையும் வென்றார்கள். உலகக் கிண்ணத்துக்குக் காரணம் விசாரணைதான் என்று சொல்லும் அளவுக்கு நான் துணியமாட்டேன். கள்ளச் சம்பளமும் இறங்கினால் சாவு என்ற பயமும்தான் லஞ்சத்தின் வேர் என்று கண்டுபிடித்து அந்த வேரை வெட்டினார்கள் என்று மட்டும் சொல்வேன்.

இப்போது நம் கதை. 1989-இல் அரைத்தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் 16 அணிகளோடு பிரிமியர் லீக் வந்தது. பெயர்தான் தொழில்முறை. ஆட்டக்காரர்களில் பலருக்கு இலாகாவிலோ வங்கியிலோ ஒரு வேலை, மாலையில் பயிற்சி. அரங்கம் நிரம்பி வழிந்தது. வெளியே பூக்கிகள் எனப்படும் பந்தயத் தரகர்களின் கையில் புரண்ட பணத்தைப் பார்த்தால் ஆட்டக்காரருக்குக் கிடைத்தது சில்லறை. அன்று நம் லீக்கில் ஆடிய சிங்கப்பூர், லீக் பட்டத்தையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் தூக்கிக்கொண்டு போனது. இறுதியாட்டத்தில் பகாங் 0–4 என்று தோற்றது. பிறகு, ஆட்டத்தை விற்றதாகக் கைதுகள். 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் இடைநீக்கம், ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களுமாக 21 பேர் நீக்கம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பலரைக் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் 1933-இல் போட்ட சட்டம் அது. மந்திரியின் ஆணை போதும், நீதிமன்றம் வேண்டாம். குறித்த ஊரில் குடியிருக்க வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். எந்த ஆட்டம், எவ்வளவு தொகை, யார் கொடுத்தது, சங்கத்து மேசையில் இருந்தவர்களில் யாருக்குத் தெரியும் என்ற கேள்விகளுக்குப் பொதுமக்கள் கையில் ஒரு தாள்கூட வரவில்லை.

இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று வாதிடலாம். ஜெர்மனியில் அணியே அணிக்குக் கொடுத்தது, இங்கே சூதாட்டக் கும்பல். இது வலுவான மறுப்புதான். பேராக் அரை கோல் கொடுக்கிறது, ஒன்றரைக் கோல் கொடுக்கிறது என்று பந்தயம் கட்டும் முறையைப் பாருங்கள். ஒன்றரைக் கோல் கொடுத்த அணி 1–0 என்று வென்றாலும் அதன்மேல் பணம் கட்டியவர் தோற்றார். அணிக்குப் புள்ளி வருகிறது, பூக்கிக்கும் பணம் வருகிறது, அரங்கத்தில் இருப்பவர் வெற்றி என்று கைதட்டிவிட்டுப் போகிறார். இதை நிரூபிப்பது கடினம், சாட்சி சொல்ல வருகிறவருக்கு உயிர்ப்பயமும் உண்டு. ஆனால் அதே பருவத்தின் வழக்குகளைச் சிங்கப்பூர் திறந்த நீதிமன்றத்தில் நடத்தியது. நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவருக்கே 50,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. அதே கும்பல்கள்தான், அதே லீக்தான். அங்கே முடிந்தது என்றால், கும்பலின் மீது பழிபோட்டு நாம் தப்பிக்க முடியாது.

இன்னொரு மறுப்பு தோட்டப்புறத்திலிருந்து வரும், அதில் நியாயமும் இருக்கிறது. நாள் கூலிக்கு ரப்பர் பால் வெட்டியவர் யாரும் பால் பிடிக்கும் மங்குகளை விற்கவில்லையே, சம்பளம் குறைவு என்பது திருட்டுக்குச் சாக்கா என்று கேட்பார்கள். சாக்கு அல்ல. வாங்கியவர் குற்றவாளிதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் குற்றவாளியைத் தண்டிப்பதும் குற்றத்தின் காரணத்தை நீக்குவதும் இரண்டு வேலைகள். ஜெர்மானியர்கள் இரண்டையும் செய்தார்கள். நாம் முதல் வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம், இரண்டாவதைத் தொடவே இல்லை. கதவைச் சாத்தியதில் இன்னோர் அநியாயமும் உண்டு. வாங்கியவர் யார், வாங்காதவர் யார் என்பது பதிவாகாததால், அந்தத் தலைமுறையில் நேர்மையாக ஆடியவர்களும் சேர்ந்து சந்தேகத்தைச் சுமந்தார்கள்.

காற்பந்து செத்துவிடவில்லையே, 1998-இல் நாமே கிண்ணத்தை வென்றோமே என்றால், வென்றோம். 28 ஆண்டுக்குப் பிறகு அதை வாங்கித்தந்த பயிற்சியாளர் கார்ல்-ஹைன்ஸ் வைகாங்கும் ஒரு ஜெர்மானியர்தான். அவருக்குத் தனி அத்தியாயமே எழுதலாம், எழுதுவேன். கே. ராஜகோபாலின் தேசிய அணி 2010-இல் தென்கிழக்காசியப் பட்டத்தை வென்றது. ஆனால் 1993 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் 75-ஆம் இடத்தில் இருந்த மலேசியா, 2018 மார்ச்சில் 178-ஆம் இடத்துக்கு இறங்கியது. எல்லாவற்றுக்கும் 1994 காரணம் என்று சொன்னால் அது மிகை. சம்பளத்துக்கு வருவோம், அதில் மிகை இல்லை. 2021-இல் பேராக் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளப் பாக்கி விழுந்தது, அணி சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. 2025-இல் பண நெருக்கடியால் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. 1994-இல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஆட்டக்காரருக்கு யார், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கிறார்கள் என்பது. அதை அன்று யாரும் மன்றத்தில் வைத்துக் கேட்கவில்லை.

ஆட்டக்காரர்களை ஊர்கடத்திய அந்த 1933-ஆம் ஆண்டுச் சட்டம் 2011-இல் ரத்தானது. அன்றைய விசாரணைக் கோப்புகளை இனியாவது திறக்க வேண்டும் என்று பேராக் ரசிகர்கள் கேட்க வேண்டும். நான் கேட்கிறேன். 2002 லீக் பட்டம் அடுத்த வாரம்.